வரலாற்று வாத்தியார் எதுக்குங்க? (பத்தாவது பையனோட அப்பா கேட்கிறேன்)

பின்னலாடை | 8 ஜூன் 2025, இரவு 9.40

திருப்பூரில் சின்ன அளவில் பனியன் தைக்கிற பவர் டேபிள் போட்டு நடத்துகிறேன். பையன் இந்த வருசம் பத்தாவது. போன வாரம் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். அரையாண்டு வரைக்கும் சமூக அறிவியல் பீரியடில் பாதியைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கொடுத்துவிடுவார்களாம். "சோசியலைக் கடைசி மாசம் பார்த்துக்கலாம், புக் பேக் ஒன் வேர்டும் மேப்பும் ஓட்டினா எண்பது தாண்டிரும்" என்றார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. நானும்தான்.

அப்புறம் யோசித்தால், அவர்கள் சொன்னதில் என்ன தப்பு? முதல் பானிபட் போர் 1526 என்று எனக்கு இன்னமும் தெரியும். அதை வைத்து ஒரு டஜன் பனியன்கூட விற்றதில்லை. வரலாற்று வாத்தியார் பையனை முன்னுக்குக் கொண்டுவருவாரா, நல்ல குடிமகன் ஆக்குவாரா? ஆண்டு விழாவில் இரண்டையும் செய்கிறோம் என்கிறார்கள். அந்த வேலையில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள். பேச்சுப் போட்டி மட்டும் வேண்டாம்.

வெள்ளோட்டுக் கொக்கு | 8 ஜூன், இரவு 11.05

அந்த வேலையில்தான் இருக்கிறேன். ஈரோடு மாவட்டம், அரசு உயர்நிலைப் பள்ளி, சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியர்.

உங்கள் பள்ளி போட்ட கணக்கு சரி. எண்பது வரும். விரிவாக நாளைக்கு எழுதுகிறேன், எமிஸில் (பள்ளிக்கல்வித் துறையின் இணையப் பதிவு) ஏற்ற வேண்டியது கிடக்கிறது. பானிபட்டை மட்டும் விட்டுவிடுங்கள், பாவம். பாபர் ஒரு தடவைதான் அங்கே வந்தார். வரலாறு எதற்கு என்று கேட்பவர்கள் தினமும் படையெடுக்கிறார்கள்.

வெள்ளோட்டுக் கொக்கு | 9 ஜூன், இரவு 10.20

சரி, திருப்பூர்க்காரர் கேட்டதால் திருப்பூரிலிருந்தே சொல்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் நான் நொய்யல் ஆற்றை எடுப்பேன். பாடப்புத்தகத்தில் அப்படி ஒரு பாடம் இல்லை. சூழல், சட்டம், தொழில் என்று மூன்று இடத்தில் சிதறிக் கிடப்பதைச் சேர்த்துக்கொள்வேன். பாசனத்துக்கென்று ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டினார்கள். சாயக்கழிவு வந்து தேங்கியது. கீழே இருந்த விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. கழிவை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்துக் காட்டினால்தான் திறக்கலாம் என்றது. இதுவரை எல்லாரும் ஒத்துக்கொள்கிற சங்கதி.

இதற்கு மேல்தான் வகுப்பு சூடாகும். என் வகுப்பில் ஒரே பெஞ்சில் இரண்டு பேர். ஒருத்தியின் அப்பிச்சிக்கு (அம்மாவின் அப்பா) நொய்யல் கரையில் தோட்டம். கிணற்றுத் தண்ணீர் உப்பாகித் தென்னை காய்ந்து, வெள்ளாமையையே விட்டுவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் அப்பா சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டர். மூடின அந்த வருசம் வீட்டில் நகை அடகுக்குப் போனது, அண்ணன் படிப்பு நின்றது. இரண்டு பேரும் வீட்டில் கேட்டு எழுதிவந்ததை வாசிக்கச் சொன்னேன். பிறகு நோட்டை மாற்றிக்கொடுத்து, அவளுடைய வீட்டிலிருந்து 2011ஐ நீ எழுது, உன்னுடையதை அவள் எழுதட்டும் என்றேன். எழுதும்போது ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இது யார் சொன்னது, நேரில் பார்த்தவரா, பேப்பரில் வந்ததா, கோர்ட்டு உத்தரவில் இருப்பதா என்று குறிக்க வேண்டும்.

கடைசியில் "டீச்சர், யாரு பண்ணது சரி?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். கோர்ட்டு செய்தது சரி, ஆனால் ரொம்பத் தாமதம் என்று நான் நினைக்கிறேன் என்றேன். அந்தத் தாமதத்தால்தான் இரண்டு வீடும் கெட்டது. என் கருத்தை மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. அதை ஒத்துக்கொண்டால்தான் மார்க் என்று எந்தப் பிள்ளையையும் நினைக்க விடமாட்டேன், அவ்வளவுதான்.

ஆக, உங்கள் கேள்விக்கு என் பதில்: முன்னேறுவதும் குடிமகன் ஆவதும் எனக்கு ஒரே பீரியடில் நடக்கிற ஒரே வேலை. "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கப் பழக்குவது. அந்தக் கேள்வி வாயில் உட்கார்ந்துவிட்ட பிள்ளை ஐந்து மார்க் கேள்விக்குக் காரணம் எழுதும்போது கைடை ஒப்பிக்காது. நாளைக்குக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன்னால் படித்தும் பார்க்கும்.

வெள்ளோட்டுக் கொக்கு | 10 ஜூன், காலை 6.30

மேலே எழுதியதைக் கொஞ்சம் இறக்கி வாசியுங்கள். எல்லாப் பிள்ளையும் அப்படி ஆகிவிடாது. பத்தாவதில் நானும் மெல்லக் கற்போருக்குக் குறைந்தபட்சப் பாடம் என்று பொட்டலம் கட்டிக் கொடுக்கிறவள்தான். காலக்கோடு, வரைபடம், ஒரு மதிப்பெண் பதினாலு, இதைப் பிடி, முப்பத்தைந்து தாண்டிவிடு. அதில் எனக்குக் கூச்சமில்லை. பத்தாவது தேறாவிட்டால் அந்தப் பையன் நேராகப் பனியன் கம்பெனிக்குப் போகிறான். கம்பெனி வேலை கேவலம் என்று சொல்லவில்லை, பின்னலாடை மன்னிக்கவும். பதினைந்து வயசில் போவதைத்தான் சொல்கிறேன். சான்றிதழ் கையில் இல்லாதவனிடம் போய் உரிமையைப் பற்றிப் பேசினால் அவன் என்னைப் பார்த்துச் சிரிப்பான்.

ஆனால் இந்தப் பொட்டல வைத்தியம் ஜனவரிக்குப் பிறகு செய்வது. ஜூனிலேயே செய்ய ஆரம்பித்தால் வருசம் முழுக்கப் பிள்ளைக்குச் சோசியல் என்றாலே பொட்டலம்தான்.

வெள்ளோட்டுக் கொக்கு | 12 ஜூன், இரவு 9.15

"வகுப்பில் அரசியலைக் கொண்டுவரலாமா" என்று ஒரு அண்ணா கேட்டிருக்கிறார். நான் கொண்டுவர வேண்டியதே இல்லைங்க. பிள்ளைகள் புத்தகப் பையிலேயே கொண்டுவருகிறார்கள்.

கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடுவதைப் பற்றி இந்தப் பக்கம் எவ்வளவு சண்டை என்று தெரியும்தானே. பவானிசாகர் அணையிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடுகிற மண் வாய்க்கால். 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம். வாய்க்கால் முடிகிற இடத்தில் நிலம் வைத்திருக்கிற கடைமடைக்காரர் கான்கிரீட் போட்டால்தான் எனக்குத் தண்ணீர் வந்து சேரும் என்பார். வாய்க்காலுக்குக் கீழே கிணறு வைத்திருப்பவர் கசிவு நின்றால் என் கிணறு செத்தது என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. வாய்க்கால் கரையில் வீடு இருக்கிற பையனைக் கடைமடைக்காரனாகப் பேசச் சொன்னேன். முதலில் முறைத்தான். வீட்டுக்குப் போய்த் தயாரித்துக்கொண்டு வந்து, கடைமடையில் நிஜமாகவே நிலம் வைத்திருக்கிற பையனைவிட நன்றாகப் பேசினான். அவனுடைய அப்பா பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். "ஏனுங்க டீச்சர், எம்பையனையே எனக்கு எதிரா பேச வெச்சுட்டீங்களாமா?" நல்ல வேளை, சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

இதே ஊர்களில்தான் 1970களில் மின்கட்டண உயர்வை எதிர்த்து விவசாயிகள் போராடினார்கள். பெருமாநல்லூரில் 1970இல் துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் செத்தார்கள். 1972இல் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டுவண்டிகளைக் கொண்டுவந்து கோயமுத்தூரையே மறித்தார்கள். இன்றைக்குப் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். அது ஏன் இலவசம் ஆனது என்று தெரியாமலே தோட்டத்தில் மோட்டார் போடுகிற பிள்ளைகள் என் வகுப்பில் நிறைய. அதைச் சொல்லிக்கொடுத்தால் அரசியலா? சரி, அப்படியே இருக்கட்டும்.

வெள்ளோட்டுக் கொக்கு | 19 ஜூன், மாலை 5.50

நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளைப் பற்றிக் கேட்டவருக்கு: அரசு வேலை வரும் முன் அந்தப் பக்கம் ஒரு பள்ளியில் இருந்தேன். பெயர் வேண்டாம். பிளஸ் ஒன் சேர்ந்த ஜூன் மாசமே பிளஸ் டூ பாடம் தொடங்கிவிடும். வரலாற்றுக் குரூப்பே கிடையாது. என்னைப் பத்தாவதுக்கு எடுத்திருந்தார்கள், பாதி நாள் ஸ்டடி ஹால் பார்க்கிற வேலை. பிள்ளைகள் பேசாமல் படிக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். 2017இல் அரசாங்கம் ரேங்க் பட்டியலை நிறுத்தியது, அடுத்த மார்ச்சில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. அப்போதுதான் அந்த வண்டி கொஞ்சம் வேகம் குறைந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பள்ளிகளில் படித்துத்தான் இந்தப் பக்கத்தில் எத்தனையோ விவசாயி வீட்டுப் பிள்ளைகள் டாக்டரும் இன்ஜினியரும் ஆனார்கள். அதைக் கேலி செய்கிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே பட்டணத்தில் இருந்தவர்கள். என் மனத்தாங்கல் வேறு. அங்கே பிள்ளை கேள்வி கேட்டால் தண்டனை கிடையாது, பதிலும் கிடையாது. "அது பரீட்சைக்கு வராது" என்று முடிந்துவிடும்.

வெள்ளோட்டுக் கொக்கு | 13 ஜூலை, காலை 8.10

நேற்று டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு. எங்கள் பள்ளியும் தேர்வு மையம். வாசலில் என் பழைய மாணவிகள் இரண்டு மூன்று பேரைப் பார்த்தேன், ஒருத்தி கைக்குழந்தையோடு. 200 கேள்வியில் தமிழ் 100, பொது அறிவு 75, மீதி 25 மனக்கணக்கு வகை. அந்த எழுபத்தைந்தில் வரலாறு, தேசிய இயக்கம், அரசியலமைப்பு, பொருளாதாரம் எல்லாம் வரும். கோச்சிங் சென்டரில் பணம் கட்டி இவர்கள் படிப்பது எதை? ஆறாவதிலிருந்து பத்தாவது வரை நாங்கள் இலவசமாகக் கொடுத்த அதே புத்தகத்தை.

"அப்பவே ஒழுங்கா படிச்சிருக்கலாம் டீச்சர்" என்றாள் குழந்தைக்காரி. அப்போது நான் ஒழுங்காக நடத்தினேனா என்று அவள் கேட்கவில்லை. நல்ல பிள்ளை.

பின்னலாடை, "முன்னேற்றம்" என்று நீங்கள் கேட்டதற்கு இது ஒரு நேரடிப் பதில். உங்கள் பையனுக்கு இருபத்தொரு வயசில் அந்தப் பாதி பீரியடைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டிவரலாம்.

வெள்ளோட்டுக் கொக்கு | 3 ஆகஸ்ட், இரவு 10.45

ஆடிப் பதினெட்டு. தீரன் சின்னமலை மணிமண்டபம் இருக்கிற ஓடாநிலைக்குப் போகிற வண்டிகள் காலையிலிருந்து எங்கள் ஊர் வழியாகத்தான். மைக்செட்டு, கொடி, ஆளுக்கொரு கட்சி.

இதை இந்த இழையில் எழுத ஒரு காரணம் இருக்கிறது. சில வருசம் முன்னால் எட்டாவதில் ஒரு பையன் எழுந்து கேட்டான்: "தீரன் சின்னமலையைச் சங்ககிரியில தூக்குல போட்டது 1805 ஜூலை 31னு போட்டிருக்கு. நாம கும்பிடறது ஆடிப் பதினெட்டு. அது ஆகஸ்ட் மூணு. எது தப்பு?" வகுப்பே இரண்டாகப் பிரிந்தது. பாட்டி சொன்னதுதான் சரி என்று ஒரு கூட்டம், அச்சில் இருப்பதுதான் சரி என்று ஒரு கூட்டம். நான் வாயைத் திறக்கவில்லை. பஞ்சாங்கம் கொண்டுவரச் சொன்னேன்.

சங்கதி இதுதான். தமிழ் வருசம் இங்கிலீஷ் வருசத்தைவிட மிகச் சின்ன அளவு நீளம். அறுபது, எழுபது வருசத்துக்கு ஒரு நாள் என்கிற கணக்கில் நம் மாதப் பிறப்பு இங்கிலீஷ் தேதியில் தள்ளிக்கொண்டே போகிறது. விவேகானந்தர் பிறந்தது 1863 ஜனவரி 12, அன்றைக்கு மகர சங்கராந்தி. இன்றைக்குப் பொங்கல் ஜனவரி 14, 15இல் வருகிறது. அதே கணக்கில் 1805 வரைக்கும் பின்னோக்கிப் போனால் ஆடிப் பதினெட்டு ஜூலை கடைசியில்தான் வந்து விழும். பாட்டியும் சரி, அச்சும் சரி.

கணக்கு வாத்தியாரைக் கூப்பிட்டு அந்தப் பீரியடை முடித்தோம். வழக்கமாக அவர்தான் என் பீரியடை வாங்குவார், அன்றைக்கு நான் அவருடையதை வாங்கினேன்.

இன்னொரு கதையும் அன்றைக்கே வந்தது. வரிப்பணத்தைப் பறித்துக்கொண்டு, "சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் ஒரு சின்னமலை பறித்ததாகப் போய்ச் சொல்" என்று அனுப்பிய கதை. அது வாய்வழி வந்தது. அதனால் தள்ளிவிடச் சொல்லமாட்டேன். அந்தக் கதை எந்தப் பாட்டில் வருகிறது, யார் வீட்டில் சொல்கிறார்கள், கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் எழுதி வைத்ததில் என்ன இருக்கிறது என்று தனித்தனியாக வைத்துப் பார்க்கச் சொல்வேன். கதையைக் கதையாக ரசிக்கலாம். வாட்ஸாப்பில் நம் சாதிக்காரர் மட்டும்தான் வெள்ளைக்காரனை எதிர்த்தார் என்று வருகிறதே, அதை எப்படித் தட்டிப் பார்ப்பது என்பதற்கு இதுதான் ஆரம்பப் பயிற்சி. ஒவ்வொரு சாதிக்கும் ஒன்று வருகிறது, கவனித்தீர்களா? படம் மட்டும்தான் வேறு.

வெள்ளோட்டுக் கொக்கு | 9 ஆகஸ்ட், காலை 7.00

மாநிலக் கல்விக் கொள்கை வெளியாகிவிட்டது. பிளஸ் ஒன் பொதுத்தேர்வு இந்த வருசத்திலிருந்து இல்லை. பிள்ளைகளுக்குப் பாரம் குறையும் என்பது உண்மை. எனக்கு அந்த ஸ்டடி ஹால் ஞாபகம் வந்தது என்பதும் உண்மை. ஜூன் 19ஆம் தேதி எழுதியதைப் பார்த்துக்கொள்ளுங்கள், மறுபடி சொல்லப் போவதில்லை.

வெள்ளோட்டுக் கொக்கு | 16 ஆகஸ்ட், இரவு 9.30

நேற்று கிராம சபை. பிள்ளைகளைக் கூட்டிப்போவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள்.

வருசத்துக்கு ஆறு தடவை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்காளர் பட்டியலில் இருப்பவர்கள்தான் உறுப்பினர்கள். பிள்ளைகள் ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாம். குடிமையியலில் நாலு பக்கம் இருக்கிற உள்ளாட்சிப் பாடம் ஒரு மணி நேரத்தில் புரிந்துவிடும், முக்கியமாக அது எப்படி நடக்காமல் போகிறது என்பது.

முன்பு ஒரு வருசம் காந்தி ஜெயந்தி அன்று ஒன்பதாம் வகுப்பைக் கூட்டிப்போனேன். ஐந்நூறு பேருக்கு மேல் மூவாயிரம் பேர் வரைக்கும் உள்ள ஊரில் குறைந்தது நூறு பேராவது வந்தால்தான் கிராம சபை செல்லும். இதைப் பாடத்தில் சொல்லியிருந்தேன். அது போதாதா, ஒரு பெண் வந்தவர்களை எண்ண ஆரம்பித்துவிட்டாள். மரத்தடியில் இருந்தவர்கள் அறுபதுக்குள். பிறகு கையெழுத்து நோட்டைப் போய் எட்டிப் பார்த்தாள். அதில் நூற்றுக்கு மேல். அவள் ஒன்றும் கத்தவில்லை, சண்டை போடவில்லை. "மீதிப் பேரு எங்கீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் ஹெச்.எம்.முக்குப் போன் வந்தது. ஹெச்.எம். நல்ல மனுசர், எனக்காகப் பேசியும் பார்த்தார். என்னைக் கூப்பிட்டு, "டீச்சர், அடுத்த தடவை பிள்ளைகளைக் கிராம சபையைப் படமா வரையச் சொல்லுங்க, போதும்" என்றார்.

நான் அதோடு விட்டிருப்பேன். பிள்ளைகள் விடவில்லை. ஊரைக் கேட்கக் கூடாது என்றால் பள்ளிக்கூடத்தைக் கேட்கலாமா என்றார்கள். பெண்கள் கழிப்பறையில் எத்தனை குழாய், எத்தனையில் தண்ணீர் வருகிறது, எத்தனை கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு என்று ஒரு தாள் எழுதி, ஹெச்.எம். மேசையில் வைத்துவிட்டார்கள். கீழே தேதி, பார்த்தவர் பெயர், பார்த்த நேரம். நொய்யல் பாடத்தில் நான் சொல்லிக்கொடுத்த அதே முறை! அன்றைக்கு என் மேல் அவருக்கு வந்த கோபம் பஞ்சாயத்துக்காரருக்கு வந்ததைவிட அதிகம். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அந்தத் தாளைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அவரே வைத்தார். அந்தக் குழுவில் முக்கால்வாசி பெற்றோர், அதில் பெண்கள் நிறைய. அம்மாக்கள் கேட்ட பிறகு தாழ்ப்பாள் வந்தது, தண்ணீர் வந்தது. ஊர்ச் சாக்கடை இன்னமும் அப்படியேதான் கிடக்கிறது.

எனக்கு இதில் தோன்றுவது இது: குடிமைப் பண்பை வளர்க்கிறோம் என்று எந்தப் பள்ளியும் சொல்லலாம். பிள்ளை கேட்கிற முதல் கேள்வி அந்தப் பள்ளியின் மேலேயே விழும்போது அதைத் தாங்குகிறதா என்றுதான் நான் பார்ப்பேன். எங்கள் ஹெச்.எம். ஒரு வாரம் எடுத்துக்கொண்டார், தாங்கினார். போன வருசம் அரசாங்கம் மகிழ் முற்றம் என்று குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை அணிகளும் மாணவர் பாராளுமன்றமும் கொண்டுவந்தது. நல்லதுதான். பதவியேற்பு நாளில் பேட்ஜ் குத்திப் போட்டோ எடுத்ததோடு நிற்கிற பள்ளிகளும் இருக்கின்றன, தாழ்ப்பாளைப் பற்றிப் பேசுகிற பள்ளிகளும் இருக்கின்றன.

நேற்றைய சபையைப் பற்றி ஒன்று. இந்தப் பக்கத்து ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் ஜனவரியோடு முடிந்தது, இப்போது தனி அலுவலர்தான். "தலைவரே இல்லாட்டி யாரைக் கேக்கறது டீச்சர்?" என்று ஒரு ஏழாம் வகுப்பு. தேர்தல் எப்போது என்று கேட்கலாம் கண்ணு என்றேன்.

வெள்ளோட்டுக் கொக்கு | 17 ஆகஸ்ட், மதியம் 1.20

பின்னலாடை கேட்டது: அவர் பையனின் பள்ளியிலும் மேலாண்மைக் குழு உண்டா? அரசுப் பள்ளிக்கும் உதவிபெறும் பள்ளிக்கும்தான் கல்வி உரிமைச் சட்டப்படி அது கட்டாயம். உங்களுடையது சுயநிதிப் பள்ளி, அங்கே பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில்தான் பேச முடியும். தனியாகப் போகாதீர்கள். உங்கள் மாதிரி வாயைத் திறக்காமல் வந்த நாலைந்து பேர் இருப்பார்கள், அவர்களையும் கூட்டிக்கொள்ளுங்கள். வகுப்பு நேர அட்டவணையை எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்ன "பாதி பீரியட்" எழுத்தில் வரும்போது பல சமயம் முழு பீரியடாகிவிடும்.

வெள்ளோட்டுக் கொக்கு | 30 ஆகஸ்ட், இரவு 11.30

எழுத வேண்டாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். "கொங்கு நாட்டுப் பிள்ளைகள் இயல்பிலேயே உழைப்பாளிகள், இங்கே சாதிப் பிரச்சினையெல்லாம் தெற்கு மாதிரி இல்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முதல் பாதியை ஒத்துக்கொள்கிறேன்.

2018இல் அவிநாசி பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளியில் பட்டியல் சாதிப் பெண் ஒருவர் சத்துணவு சமைக்க வந்தபோது, அவர் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிடமாட்டார்கள் என்று ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். அவரை இடம் மாற்றினார்கள். இடம் மாற்றியதற்கு எதிர்ப்பு வந்ததும் அந்த உத்தரவை ரத்து செய்தார்கள், வழக்கும் பதிவானது. செய்தித்தாளில் பக்கம் பக்கமாக வந்தது. மறந்துவிட்டோம்.

தீண்டாமை ஒழிப்பு, பிரிவு 17, ஒரு மதிப்பெண். என் பிள்ளைகள் அத்தனை பேரும் சரியாக எழுதுவார்கள். மதியம் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்கிற இடத்தைப் பார்த்தால் யார் எந்தத் தெரு என்று சொல்லிவிடலாம். திட்டிப் பார்த்திருக்கிறேன். இடம் மாற்றி உட்கார வைத்தும் பார்த்திருக்கிறேன், அடுத்த வாரம் பழைய இடத்துக்கே போய்விடுகிறார்கள். நொய்யலுக்கும் வாய்க்காலுக்கும் செய்கிற மாதிரி நோட்டை மாற்றிக்கொடுத்து எழுதச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. எழுதப் போகிற பிள்ளையின் காயம் வகுப்பில் எல்லார் கையிலும் சுற்றிவரும். பெரியார் பிறந்த ஊருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, வைக்கம் 1924 என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, எங்கள் ஊர் டீக்கடையைப் பற்றிப் பேசாமல் மணியடிக்கும் வரை ஓட்டின நாட்கள் உண்டு.

செய்தது ஒன்று. அந்த 2018 செய்தியை ஊர்ப் பெயரை அடித்துவிட்டுப் பத்தாவதில் கொடுத்து, இதில் யார் யார் என்னென்ன முடிவு எடுத்தார்கள், ஒவ்வொருவரும் வேறு என்ன செய்திருக்கலாம் என்று பட்டியலிடச் சொல்வேன். அதிகாரி, தலைமையாசிரியர், பெற்றோர் என்று எழுதுவார்கள். ஒரு வருசம் ஒரு பையன் கடைசியில் "சாப்பிட உட்கார்ந்த பிள்ளைகள்" என்றும் சேர்த்திருந்தான். அன்றைக்கு வேறு எதுவும் நடத்தவில்லை.

வெள்ளோட்டுக் கொக்கு | 31 ஆகஸ்ட், காலை 9.00

இல்லைங்க, தட்டு விசயம் தீரவில்லை. "அப்புறம் என்ன ஆச்சு" என்று கேட்டவர்களுக்கு.

வெள்ளோட்டுக் கொக்கு | 14 செப்டம்பர், மாலை 6.40

எங்கள் பள்ளியிலேயே இப்போது ஒடிசா, பீகார்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். திருப்பூர்ப் பக்கம் கேட்கவே வேண்டாம். உள்ளூர் வரலாறு, உள்ளூர் வரலாறு என்கிறீர்களே, அந்தப் பிள்ளைக்கு இது உள்ளூரா என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார். இந்த இழையிலேயே நல்ல கேள்வி.

கொடுமணல் எங்களுக்குப் பக்கம். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருகிற ஊர். நொய்யல் கரையில் இரண்டாயிரம் வருசம் முன்னால் இரும்பு உருக்கி, பளிங்கிலும் சூதுபவளத்திலும் மணி செய்து விற்ற தொழில் நகரம். பக்கத்துப் படியூரில் பச்சைக்கல் வெட்டினார்கள். தமிழ் பிராமி எழுதின பானை ஓடுகள் அங்கே ஏராளம், அதில் வடக்கத்திப் பிராகிருதப் பெயர்களும் உண்டு. இதை நடத்தும்போது ஒடிசாப் பையனைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அவனாகவே, "மிஸ், அவங்களும் வேலைக்கா வந்தாங்க?" என்றான். வியாபாரத்துக்கு வந்திருப்பார்கள், தங்கியும் இருப்பார்கள் என்றேன். "லீவுக்கு ஊருக்குப் போவாங்களா?" அதற்குப் பானை ஓட்டில் பதில் இல்லை.

அன்றைக்கு மாலை அவன் சட்டைப்பையில் எதையோ போட்டுக்கொண்டு போவதைப் பார்த்து நிறுத்தினேன். மைதானத்தில் பொறுக்கின பானை ஓடு. போன பொங்கலுக்கு வைத்த பானை மாதிரிதான் இருந்தது. பள்ளியில் இருக்கிற தொன்மைப் பாதுகாப்பு மன்றத்தில் பெயர் கொடுத்திருக்கிறான்.

வெள்ளோட்டுக் கொக்கு | 21 செப்டம்பர், இரவு 8.00

பின்னலாடை தகவல் அனுப்பியிருக்கிறார். ஆறு பெற்றோர் சேர்ந்து போய்க் கேட்டார்களாம். வாரத்துக்கு ஒரு பீரியட் திரும்பக் கிடைத்திருக்கிறது. "ஒண்ணுதானா" என்று வருத்தப்படுகிறார். ஜூனில் தலையாட்டிவிட்டு வந்தவர் செப்டம்பரில் ஒன்று வாங்கியிருக்கிறார், நான் என்ன சொல்ல. அந்த ஒன்றில் வாத்தியார் என்ன நடத்துகிறார் என்று பையனைக் கேளுங்கள். புக் பேக் ஓட்டினால் மறுபடி ஆறு பேரும் போங்கள்.

பிள்ளைகளை எங்கே கூட்டிப்போகலாம் என்று கேட்ட ஆசிரியர்களுக்கு: ஒரே நாளில் அரச்சலூர், ஓடாநிலை, கொடுமணல் மூன்றும் முடிக்கலாம். அரச்சலூர் மலைக்குக் காலையிலேயே ஏறிவிடுங்கள், வெயில் ஏறினால் பாறை சுடும். அங்கே இருக்கிற இசைக் கல்வெட்டில் த, தை, தா, தே என்று அசைகள் வரிசை வரிசையாக இருக்கும். வாசித்துக் காட்டாதீர்கள், பிள்ளைகளே தாளம் போட்டுக் கண்டுபிடிக்கட்டும். கொடுமணலில் தோண்டின குழியைப் பார்க்கலாம் என்று நம்பிப் போகாதீர்கள், ஆய்வு முடிந்தால் மூடிவிடுவார்கள். பழங்காலப் புதைகுழிகளைச் சுற்றி வைத்த கல்வட்டங்கள் காட்டுக்குள், அதாவது வெள்ளாமை நிலத்துக்குள், கிடக்கின்றன. காட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள், சோளம் நிற்கிற மாசமாக இருந்தால் வரப்பிலேயே நடக்கச் சொல்லுங்கள். பெற்றோர் சம்மதக் கடிதம், ஹெச்.எம். அனுமதி இரண்டையும் முதலில் வாங்கிவிடுங்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். எல்லாருடைய சாப்பாட்டையும் ஒரே பாத்திரத்தில் கலந்து எடுத்துப் போனால் நல்லது, நாங்கள் தக்காளிச் சோறு.